பெர்மிட் சிமெண்டும் ஈரத் தரையும்

1977 நவம்பரில் திருச்சி ஊருக்குள் புகுந்தது காவிரி வெள்ளம் என்றுதான் வெளியூர்க்காரர்கள் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது காவிரி இல்லை. புயல் மழையில் தெற்கே கோரையாறும் குடமுருட்டியும் பெருகி, உய்யக்கொண்டான் வாய்க்கால் கொள்ளாமல் வழிந்து, உறையூரிலும் தில்லைநகரிலும் வீடுகளுக்குள் கொல்லைப்பக்கமாக ஏறிய தண்ணீர் அது. காவிரிக்குத்தான் 1934இலேயே மேட்டூரில் அணை கட்டியாகிவிட்டதே, 1924 ஜூலையில் வந்த மாதிரி இனி எங்கே வரப்போகிறது என்று ஊர் தைரியமாக இருந்த காலம். அந்தத் தைரியத்தில் வாய்க்கால் பாசன வயல்களை மனையாக்கி, தெருவிலிருந்து இரண்டே படி உயரத்தில் வீடு கட்டிக் குடியேறியிருந்தார்கள்.

அப்பா தரைக் கொத்தனார். சுவர் எழுப்பமாட்டார், கூரை பக்கம் போகமாட்டார். தரை மட்டும்தான். நான் அப்போது பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அவருக்கு எடுபிடியாகப் போய்க்கொண்டிருந்தேன். வெள்ளம் வடிந்ததும் எங்கள் வீட்டு வாசலில் யாராவது நின்றபடி இருப்பார்கள். "மேஸ்திரி, ஒரு எட்டு வந்து தரையைப் பார்த்துட்டுப் போங்க." அப்பா போவார். செருப்பைக் கழற்றிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அறையின் நான்கு மூலைக்கும் வெறுங்காலால் நடப்பார். வீட்டுக்காரர் பின்னாலேயே வந்து, என்ன ஆகும், எவ்வளவு ஆகும் என்று கேட்டுக்கொண்டே இருப்பார். அப்பாவிடமிருந்து வருவது அநேகமாக ஒரே பதில்தான்: "காயட்டும் சார்."

அந்தப் பதிலைக் கேட்டு எரிச்சலடைந்தவர்கள் உண்டு. வேலை தெரியாத ஆள் நாள் கடத்துகிறான் என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னவர்களும் உண்டு. பிறகு நானும் இதே தொழிலில் காலம் தள்ளி, டைல்ஸ் ஒட்டி, ஒட்டிய டைல்ஸைப் பெயர்த்து, மறுபடி ஒட்டி முடித்த பிறகு, அவர் சொன்னதில்தான் பாதித் தொழில் இருந்தது என்று சொல்வேன். மீதிப் பாதி, எந்தத் தரை எப்படிக் காயும் என்பது. அது தரைக்குத் தரை வேறு. எங்கள் பக்கத்துத் தரைகளின் சரித்திரத்தை எழுதுவதானால் அழகை வைத்து எழுதக் கூடாது, ஈரத்தை வைத்துத்தான் எழுத வேண்டும்.

உறையூர் நெசவாளர் வீடுகளில் அப்போதும் மண் தரை இருந்தது. குழித்தறி போட்ட வீடு என்றால் அது இருக்கவும் வேண்டும். தறிக்காரர் குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து மிதிகட்டையை மிதிப்பார். மண்ணிலிருந்து எழும் லேசான ஈரத்தில் பருத்தி நூல் அறாமல் ஓடும். வறண்ட காற்றில் இழை அறுந்துகொண்டே இருக்குமாம். ஆக, தரையில் ஈரம் என்பது அந்த வீட்டில் குறை இல்லை, தொழிலுக்கு வேண்டிய சரக்கு. ஆனால் அளவு உண்டு. 1977இல் குழிகள் நிறைந்து, கரை சரிந்து, உள்ளே சேறு படிந்து கிடந்தன.

மண் தரையைச் சீர்செய்ய எந்த மேஸ்திரியும் வரவில்லை. அது பெண்களின் கைவேலை. கூலி கிடையாது, அதனால் அதைத் தொழில் என்று யாரும் எழுதி வைக்கவும் இல்லை. மேல்மண்ணைச் சுரண்டி வெளியே கொட்டுவார்கள். கரம்பையும் மணலும் பதரும் சேர்த்துப் பிசைந்து பரப்பி, கட்டையால் தட்டி இறுக்குவார்கள். மேலே சாணம், சிலர் அடுப்புக்கரியும் கலந்து மெழுகுவார்கள். இதையெல்லாம் எப்போது ஆரம்பிப்பது என்பதற்கு ஒரு கிழவி சொன்ன கணக்கு இது: குதிகாலை அழுத்தி ஒரு சுற்றுச் சுற்று, தடம் பதிந்தால் இன்னும் நாளாகவில்லை. பின்னாளில் ஈரம் அளக்கும் மின்சாரக் கருவியைக் கையில் பிடித்திருக்கிறேன். மண் தரையைப் பொறுத்தவரை அது கிழவியின் குதிகாலைவிடக் கூடுதலாக எதையும் சொல்லவில்லை.

ஸ்ரீரங்கத்துப் பழைய வீடுகளில் இருந்தது சுண்ணாம்புத் தளம். செங்கல் ஜல்லியையும் அரைத்த சுண்ணாம்பையும் கலந்து கொட்டி, ஆட்கள் வரிசையாகக் குந்தி மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டிக்கொண்டே இருப்பார்கள். கடுக்காய் ஊறவைத்த தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் இடையிடையே தெளிப்பார்கள். செங்கல்லை இடித்துச் சலித்த பொடி, அதைச் சுருக்கி என்போம், அதைச் சேர்த்தால் சுண்ணாம்பு ஈரத்திலும் இறுகும். வெறும் சுண்ணாம்பு காற்றைப் பிடித்துத்தான் இறுகும், அதுவும் மெதுவாக. இப்படிப் போட்ட தளத்தில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைய. அடியில் ஈரம் வந்தால் அந்தத் துளை வழியே மேலே வந்து காற்றோடு போய்விடும். தரை முழுக்க ஒரே சீராக விடுவதால் எந்த இடத்திலும் முட்டிக்கொண்டு நிற்காது.

அந்தத் தளங்களில் இன்னொன்றும் உண்டு. வாட்டம். கூடத்தில் ஒரு கோலிக்குண்டை வைத்தால் முற்றத்தைப் பார்த்து உருளும். முற்றத்திலிருந்து ஜலதாரை தெருவுக்குப் போகும். கட்டியவன் தண்ணீர் உள்ளே வரும் என்று எடுத்துக்கொண்டுதான் கட்டினான். மழை முற்றத்தில் நேராக விழும். தினம் குடம் குடமாகக் கொட்டிக் கழுவுவார்கள். விசேஷ நாள் என்றால் வீடே நீச்சல்தான். தண்ணீர் வருவதைப் பற்றி அந்த வீட்டுக்குப் பயம் இல்லை, போகும் வழியைப் பற்றித்தான் யோசனை.

சிமெண்ட் எங்கள் பக்கத்தில் பெருகியது 1939க்குப் பிறகு. அந்த வருஷம்தான் கல்லக்குடியில் டால்மியா ஆலை வந்தது, ஊரே டால்மியாபுரம் ஆனது. கல்லக்குடி என்றதும் எல்லோருக்கும் அந்தப் பெயரை எதிர்த்த 1953 போராட்டமும் ரயில் தண்டவாளமும் ஞாபகத்துக்கு வரும். எங்கள் வீட்டில் ஞாபகம் வந்தது மூட்டைதான். தாத்தா சுண்ணாம்புத் தளம் தட்டியவர். அந்த மூட்டையை அவர் கடைசி வரை நம்பவில்லை என்று அப்பா சொல்வார். அப்பா நம்பினார், அதில் காவிப்பொடியைக் கலந்து பேர் வாங்கினார்.

சிவப்புத் தரை போடுவதைப் பார்த்தவர்கள் இப்போது குறைவு. அடியில் ஜல்லித் தளம். அதன் மேல் சிமெண்டுக் கலவை. அது பச்சையாக இருக்கும்போதே, சிமெண்டும் இரும்பு ஆக்சைடு காவியும் கலந்த மெல்லிய பூச்சு. கரணையால் திரும்பத் திரும்ப இழுத்துக் கண்ணாடி மாதிரி ஆக்கவேண்டும். ஒரு அறையைத் தொட்டால் அன்றே முடிக்கவேண்டும். நடுவில் விட்டால் மறுநாள் சேர்த்த இடம் ஆயுசுக்கும் கோடாகத் தெரியும். சாயங்காலம் வெளிச்சம் போய்க்கொண்டிருக்கும்போது அப்பா பலகையில் மண்டியிட்டுப் பின்னோக்கி நகர்ந்து நகர்ந்து வாசலுக்கு வருவார். பிறகு பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவோம். ஒரு வாரம் அந்தத் தரை தண்ணீருக்குள்தான் கிடக்கும். அதற்குப் பிறகு கல்லால் தேய்ப்பு, தேங்காய் எண்ணெய், அந்த வீட்டு மனிதர்களின் பாதம்.

பிறந்த வாரத்தை முழுக்கத் தண்ணீருக்குள் கழித்த தரை, வெள்ளத்தில் மூன்று நாள் மூழ்கினால் கெட்டுவிடுமா? கெடாது. 1977இல் பயந்துபோய்க் கூப்பிட்டவர்களுக்கு அப்பா முதலில் சொன்னது இதைத்தான். காவி வெளுக்காது. அது இரும்புத் துரு, தண்ணீர் அதை ஒன்றும் செய்யாது. சிமெண்டு கரையாது. மேலே இருந்து வந்த தண்ணீர் சேற்றைத்தான் விட்டுப்போகும், சேறு ஈரமாக இருக்கும்போதே வாரிக் கழுவிவிட்டால் தீர்ந்தது. காயவிட்டால்தான் நுண்துளைகளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு கறையாகும். கெடுப்பது அடியிலிருந்து வரும் தண்ணீர். அது உடனே தெரியாது.

அடியில் என்ன இருக்கிறது என்று அந்த வீட்டுக்காரருக்கே தெரியாது. அஸ்திவாரச் சுவர்களுக்கு நடுவில் நிரப்பியது ஆற்று மணலா, கிராவலா, அந்த மனையிலேயே வெட்டிய வயல் களிமண்ணா? மணல் என்றால் ஈரத்தில் இன்னும் இறுகும், கவலை இல்லை. களிமண் ஈரத்தில் உப்பும், காய்ந்ததும் சுருங்கும், மேலே தளம் அந்தரத்தில் நிற்கும். விரிசல் கார்த்திகையில் வராது, பங்குனி வெயிலில் வரும். வெள்ளம் போன மறுவாரம் "ஒன்றும் ஆகவில்லை" என்று சொன்ன தரை, நான்கு மாதம் கழித்துக் குறுக்கே பிளந்ததைப் பார்த்திருக்கிறேன். தரைக்கு நூல் பிடித்துக் கட்டம் கட்டமாகக் கோடு போட்டிருந்த வீடுகள் பிழைத்தன. பிளவு அந்தக் கோட்டிலேயே ஓடி நின்றுவிட்டது. பலர் அதை அலங்காரம் என்று நினைத்திருந்தார்கள்.

இன்னொன்று உப்பு. அடி ஈரம் மேலே வரும்போது மண்ணிலும் செங்கல்லிலும் உள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு வரும். தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு மேலே வெள்ளையாகப் பூத்து நிற்கும். வீட்டுப் பெண்கள் பார்த்ததும் வாளியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அப்பா தடுப்பார். "அம்மா, தண்ணி ஊத்தாதீங்க, அது திரும்ப உள்ளதான் போகும். காய்ஞ்ச தொடப்பத்தால பெருக்கி வெளிய கொட்டுங்க." பூக்கப் பூக்கப் பெருக்கவேண்டும். பூப்பது நின்றால் அடி காய்ந்துவிட்டது என்று அர்த்தம். காசு செலவில்லாத பரிசோதனை.

இதெல்லாம் அவருடைய பொறுமை என்று எழுதிவிடலாம், நன்றாகத்தான் இருக்கும். ஆனால் உண்மை அவ்வளவு அழகில்லை. பாதிக் காரணம் சிமெண்ட் கிடைக்கவில்லை. அன்றைக்கு சிமெண்ட் கட்டுப்பாட்டில் இருந்தது. மனு எழுதி, தாலுகா ஆபீஸில் நின்று, பெர்மிட் வாங்கி, ஸ்டாக்கிஸ்டிடம் போனால் லோடு வரவில்லை என்பார்கள். டால்மியாபுரம் இருக்கும் ஜில்லாவிலேயே இந்தக் கதி. வெள்ளத்தில் கெட்ட வீடுகள் எல்லாம் ஒரே நேரத்தில் மனுப் போட்டால் எப்படி இருக்கும்? கள்ளவிலையில் வாங்க வசதி உள்ளவர்கள் வாங்கினார்கள். மற்றவர்கள் காத்திருந்தார்கள். மார்கழி போனது, தை போனது, மாசி வெயில் ஏறியது. மூட்டை கைக்கு வருவதற்குள் தரை தானாகக் காய்ந்திருந்தது.

1978இன் வேனலில் நாங்கள் சீர்செய்த தரைகள் அப்படியே நின்றன. அவசரப்பட்டு முன்பே பூசியவர்கள் வீட்டில் பூச்சு அடித்தளத்தை விட்டுப் பிரிந்து, நடந்தால் பொத்துப் பொத்தென்று சத்தம் போட்டது. பெயர்த்துப் பார்த்தால் அடியில் ஈரம் அப்படியே இருந்தது. அரசாங்கத்தின் தட்டுப்பாடு தரைக்குச் செய்த உபகாரம் என்று இதைச் சொன்னால், அன்று வரிசையில் நின்றவர்கள் என்னை அடிக்க வருவார்கள். ஆனாலும் நடந்தது அதுதான்.

1982இல் பாதிக் கட்டுப்பாட்டை எடுத்தார்கள், 1989இல் முழுதாக எடுத்தார்கள். தெருமுனைக் கடையில் மூட்டை கிடைக்கத் தொடங்கியது. மற்றத் தரைகளில் மொசைக் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பளிங்குச் சில்லைச் சிமெண்டில் பதித்து மெஷின் போட்டுத் தேய்த்தது, பளபளப்புக்கு ஆக்ஸாலிக் ஆசிட். வெள்ளத்தில் மங்கும், திரும்பத் தேய்த்தால் வரும். காரைக்குடிப் பக்கத்து ஆத்தங்குடிக் கல்லும் தண்ணீரைப் பொறுக்கும். அதற்கு எமன் வெள்ளம் இல்லை, வெள்ளத்துக்குப் பிறகு கறை போக்க ஊற்றும் ஆசிட். அந்தக் கல்லின் பூவும் கோலமும் நிறம் கலந்த சிமெண்டுதான். ஆசிட் அதைத் தின்றுவிடும்.

தொழிலையே மாற்றியது தொண்ணூறுகளுக்குப் பிறகு குஜராத் மோர்பியிலிருந்து லாரி லாரியாக வந்த விட்ரிஃபைட் டைல்ஸ். அரை சதவீதம்கூடத் தண்ணீர் உறிஞ்சாது என்று பெட்டியிலேயே போட்டிருக்கும். உண்மைதான். ஆனால் டைல்ஸ் உறிஞ்சாது என்றால் அடியில் உள்ளதை வெளியேயும் விடாது. தண்ணீர் இரண்டு டைல்ஸுக்கு நடுவில் உள்ள இடுக்கு வழியாகவும், சுவரோரத்து இடைவெளி வழியாகவும், கீழே மண்ணிலிருந்தும் வரும். வந்த தண்ணீருக்கு வெளியேற அந்த நூலளவு இடுக்குதான் வழி. சுண்ணாம்புத் தளம் முழு உடம்பாலும் விட்டதை, இது ஓரத்தால் மட்டும் விடவேண்டியிருக்கிறது. மேலே பார்த்தால் பளபளவென்று உலர்ந்திருக்கும். அதனால்தான் காலால் பார்க்கும் வித்தை போய், காதால் கேட்கும் வித்தை வந்தது.

கரணைப் பிடியால் ஒவ்வொரு டைல்ஸையும் நடுவிலும் நான்கு மூலையிலும் தட்டுகிறேன். அடி நிறைந்திருந்தால் சத்தம் கெட்டியாக வரும். பிரிந்திருந்தால் காலிப் பானையைத் தட்டிய மாதிரி. சாக்பீஸால் குறி போடுவேன். ஒரு அறையில் அங்கங்கே இரண்டு மூன்று இருந்தால் விட்டுவிடலாம். ஒரே வரிசையாக ஓடினால் அடியில் மணல் அரித்துக்கொண்டு போயிருக்கிறது, அல்லது சுவரோரம் இடைவெளி விடாமல் இறுக்கி ஒட்டியிருக்கிறார்கள். அப்படி ஒட்டிய அறையில் ஒரு நாள் டைல்ஸ் இரண்டிரண்டாக எழும்பிக் கூரை மாதிரி நிற்கும். பட்டாசு வெடித்த சத்தம் கேட்டது, பேய் என்று நினைத்தோம் என்று கூப்பிட்டவர்கள் உண்டு.

காய்ந்துவிட்டதா என்று பார்க்கப் பாலித்தீன் தாளைப் பயன்படுத்துகிறேன். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி வெட்டி, டைல்ஸைப் பெயர்த்த அடித்தளத்தில் விரித்து, நான்கு பக்கமும் டேப் ஒட்டி, ராத்திரி முழுக்க விட்டு, மறுநாள் பிரிப்பேன். தாளின் உள்பக்கம் வியர்த்திருந்தாலும் தளம் கருத்திருந்தாலும் வேலையைத் தொடமாட்டேன். இப்போது பெர்மிட் இல்லை, மாசி வரை காத்திருக்கச் சொல்ல யாரும் இல்லை. வீட்டுக்காரருக்கு லீவு முடிகிறது, வாடகைக்கு ஆள் வருகிறார்கள், பொண்ணுக்கு நிச்சயதார்த்தம். "இன்னும் ரெண்டு வாரம் சார்" என்றால், பத்தே நாளில் முடித்துத் தருகிறேன் என்று சொல்லும் ஆளைப் போனில் பிடித்துவிடுவார்கள். 2015 டிசம்பருக்குப் பிறகு சென்னையில் அடையாற்றை ஒட்டிய வீடுகளில் இது ஏராளமாக நடந்தது. ஜனவரியிலேயே புது டைல்ஸ். அந்தக் கோடையில் அதே வீடுகளில் பெயர்க்கும் வேலைக்கு எங்கள் பக்கத்து ஆட்களைக் கூட்டிப்போனார்கள்.

இரண்டு விஷயங்களை மட்டும் போகிற இடமெல்லாம் சொல்லிவிடுவேன். வெளியே மண் தண்ணீரில் ஊறிக் கிடக்கும்போது, சம்ப்பில் சாக்கடை கலந்துவிட்டதென்று மொத்தமாக இறைத்துக் காலி செய்யாதீர்கள். வெறும் தொட்டியை அடித்தண்ணீர் மேலே தூக்கும், தொட்டி வெடிக்கும், பிறகு வருஷம் முழுக்க அந்தக் கசிவு உங்கள் தரைக்கடியில்தான். அடுத்தது, பிளீச்சிங் பவுடர் போட்ட தரையில் பாத்ரூம் ஆசிட்டை ஊற்றாதீர்கள். கிளம்புவது விஷவாயு, ஜன்னல் சாத்திய அறையில் ஆளைச் சாய்த்துவிடும்.

வீடு தாழ்ந்து போனதற்கு மழையை மட்டும் சொல்லிப் பயனில்லை. ரோடு போடும்போதெல்லாம் பழையதைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டார்கள். இரண்டு படி ஏறிப் போன தில்லைநகர் வீடுகள் சிலவற்றில் இப்போது இறங்கிப் போகவேண்டும். அதனால் வீட்டையே ஜாக்கி வைத்துத் தூக்கும் தொழில் வந்துவிட்டது. ஹரியானாப் பக்கத்து ஆட்கள், அஸ்திவாரத்துக்கு மேலே சுவரை அறுத்து, வரிசையாக ஜாக்கி சொருகி, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திருகி மூன்றடி நாலடி உயர்த்துகிறார்கள். சுவர் மேலே போகும், கூரை மேலே போகும். தரை போகாது. அது கீழேயே கிடக்கும், அதன் மேல் மண்ணைக் கொட்டி நிரப்பிவிட்டுப் புதிதாகப் போடவேண்டும். தூக்குகிறவர்களின் ரேட்டில் தரை சேராது. வீட்டுக்காரர்கள் இதைக் கடைசியில்தான் கவனிக்கிறார்கள்.

அப்படித் தூக்கிய உறையூர் வீடு ஒன்றுக்குப் போன வருஷம் தரை போடக் கூப்பிட்டார்கள். நிரப்பியது கிராவல், தண்ணீர் விட்டு நன்றாக அமுக்கியிருந்தார்கள், அதில் குறை இல்லை. கூடத்திலிருந்து கொல்லைக் கதவு வரைக்கும் பத்தடிக்கு ஓர் அங்குலம் வாட்டம் விடலாம், கதவடியில் ஒரு துளை வைத்துவிடலாம், தண்ணீர் வந்தால் தானாகப் போய்விடும் என்றேன். வீட்டுக்காரர் யோசித்தார். "சோபா ஆடாதா மேஸ்திரி?" என்றார். ஆடாது, காலுக்கடியில் ஒரு அட்டை வைத்தால் போதும் என்றேன். நாலடி உசத்தியாச்சே, இனிமேலும் தண்ணி வருமா என்றார். 1977இல் எவ்வளவு ஏறியது என்று இந்தத் தெருவிலேயே ஒரு பெரியவரைக் கேளுங்கள் என்றேன். கேட்டாராம். சரி, விடுங்கள் என்று சம்மதித்தார். அந்தத் துளையை நோக்கி இரண்டு பக்கமும் வாட்டம் எடுக்க ஓரடிக்கு ஓரடி டைல்ஸ் வேண்டும், பெரிய பலகை மடங்காது என்று நான் சொல்வதற்குள், அவர் மகன் ஷெட்டைத் திறந்து காட்டினான். சரக்கு முந்தின நாளே வந்து இறங்கியிருந்தது. எல்லாம் நாலுக்கு ரெண்டு.